புள்ளடி போட்ட சாட்சி

எங்கள் டொக்டரிடம் போனால் என்னை என் மாமனாரின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ரிசெப்ஷனில் இருக்கும் பெட்டை 'மிஸஸ்' என்று தொடங்கி, என் கணவரைப் பெற்ற மனுஷனின் பெயரைப் பாதி விழுங்கிப் பாதி மென்று முடிக்கும். நானும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு 'யெஸ்' என்று எழும்பிப் போவேன். ஊரில் மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. அவருடைய பெயரில் ஒரு கடை இருந்தால்கூட 'அந்தச் சந்திக் கடை' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்லவேண்டும். இங்கே வந்து பார்த்தால் நானே அவராகி நிற்கிறேன். முதல் தடவை கூப்பிட்டபோது, மாமா எப்போது லண்டனுக்கு வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் ஆட்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர் எங்களோடு வரும்; எங்கள் பெயர் பிள்ளைகளோடு போகும்; ஒரு தலைமுறை தாண்டினால் பழைய பெயர் கழன்று விழுந்துவிடும். அகதியாக வந்து இறங்கிய என் கணவரிடம் 'சர்நேம் என்ன?' என்று ஓர் அதிகாரி கேட்டார். இவர் தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். வேறென்னத்தைச் சொல்வது? அந்த இடத்தில், ஓடிக்கொண்டிருந்த பெயர் நின்றுபோனது. எனக்கும் அதுதான், பிள்ளைகளுக்கும் அதுதான். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்த மனுஷன், பாவம், அவருக்குத் தெரியாமலே ஒரு லண்டன் குடும்பத்தின் சர்நேம் ஆகிவிட்டார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தன் சர்நேமைத் தேடப் புறப்பட்டபோது நான் விட்ட பிழைக்கு இதுதான் காரணம். அந்தப் பிழையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

வட லண்டன் எட்மண்டனில் எங்கள் வீடும் அவருடைய வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அவர் இருமினால் எங்கள் குசினியில் கேட்கும். நான் மிளகாய் வறுத்தால் அவர் தும்முவார். லண்டன் பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவர். கலியாணம் கட்டவில்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, தாய் தகப்பன் எப்போதோ போய்விட்டார்கள். வந்த புதிதில் என்னை 'லவ்' என்று கூப்பிட்டார். எனக்குக் கை கால் விறைத்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, மனுஷன் தபால்காரப் பெண்ணையும் லவ் என்பார், கவுன்சிலில் இருந்து குப்பை பற்றிச் சண்டை பிடிக்க வந்த அம்மாவையும் லவ் என்பார் என்று. நான் அவரை அங்கிள் என்று கூப்பிட்டேன். அது அவருக்குப் பெரிய பகிடி.

"நான் எப்ப உமக்கு அங்கிள் ஆனனான்?" என்று கேட்பார்.

அவர் கதைத்தது முழுக்க இங்கிலீஷ்தான். ஆனால் இத்தனை காலம் கழித்து என் காதுக்குள் அவர் எங்கள் பேச்சில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதிவிடுகிறேன்.

என் கணவருக்கு அவரைப் பிடிக்காது. லவ் ஒரு காரணம். மீசை இன்னொரு காரணம். இவருடைய மீசை ஊரில் இருந்து வரும்போதே கூட வந்தது. தடித்து, கருத்து, இரண்டு பக்கமும் இறங்கி நிற்கும். கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மேட், அந்த மீசைக்குத் தனியாக் கவுன்சில் டாக்ஸ் கட்டுறியா?" என்று கேட்பார். இவர் சிரிக்கமாட்டார். உள்ளே வந்து, "அந்தாளுக்கு வாய் கூடிப்போச்சு" என்று எனக்குச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று மீசையைத் தடவிப் பார்ப்பார்.

ஒரு குளிர்காலம் கிழவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாதி ஆளாகத் திரும்பி வந்தார். இதயம் களைத்துவிட்டதாம். நான் ரசம் வைத்துக் கொண்டுபோனேன். அதைச் சூப் என்று நினைத்துக் கரண்டியால் குடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வடிய, "லவ், எனக்கு ஒரு உதவி வேணும்" என்றார்.

அவருடைய ஆட்கள் நோர்ஃபோக் பக்கம், ஒரு சின்னக் கிராமத்தில் நிலம் உழுத கமக்காரர்கள் என்று அவருடைய தகப்பன் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். அங்கே ஒரு பழைய வேதக்கோயில். அதன் வளவில் இவர்களுடைய சர்நேம் வெட்டிய கல்லுகள் வரிசையாக நிற்குமாம். சின்ன வயதில் தகப்பனோடு போய்ப் பார்த்ததும் உண்டு. செத்த பிறகு அந்த வளவில், தன் ஆட்களுக்குப் பக்கத்தில் கிடக்கவேண்டும். அதுதான் ஆசை. அந்தக் கோயில் பாதிரியாரோடு டெலிபோனில் கதைத்தும் விட்டார். அது சின்ன வளவு, அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்த ஊரவர்களுக்குத்தான் இடம்; உங்கள் குடும்பம் இங்கே இருந்ததென்று காட்டினால் உங்களுக்காக நான் கதைக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"உயிரோட இருக்கேக்க எனக்கு ஒருத்தரும் இல்லை. அது பரவாயில்லை, பழகிப்போச்சு. செத்த பிறகாவது கூட்டத்தோட கிடக்கவேணும், லவ்," என்றார்.

அதற்குப் பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? புதன்கிழமை எனக்குக் கடையில் ஷிப்ட் இல்லை. லைப்ரரிக் கம்ப்யூட்டரில் பழைய கோயில் பதிவேடுகளின் படங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். ஆகவே புதன்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். நான் பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணீர் கொண்டுபோவேன். அவர் பிஸ்கட் கொண்டுவருவார். பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் பிரேக் பிடிப்பதைக் குறை சொல்லத் தொடங்கினால் இறங்கும் வரைக்கும் ஓயமாட்டார்.

முதல் நாளே நான் பிழை விட்டேன். கம்ப்யூட்டரில் அவருடைய தகப்பனின் பிறப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சர்நேம் என்றால் தகப்பனின் பெயர் என்று என் தலைக்குள் பதிந்து கிடக்கிறது. அவருடைய சர்நேம் இங்கிலீஷ்காரர் முதல் பெயராகவும் வைக்கிற பெயர்களில் ஒன்று. ஆகவே நான் முதல் பெயர் போடும் பெட்டிக்குள் அந்தப் பெயரைப் போட்டு, அவருடைய தாத்தாவைத் தேடத் தொடங்கிவிட்டேன். திரையில் சம்பந்தா சம்பந்தமில்லாமல் ஆயிரம் பேர் வந்து நின்றார்கள்.

"என்ன லவ் செய்யிறீர்?"

"உங்கட அப்பான்ர அப்பாவைத் தேடுறன். அவற்ற பேர்தானே உங்கட அப்பாக்குப் பின்னால நிக்குது?"

மனுஷன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, லைப்ரரிக்காரப் பெண் தண்ணீர் கொண்டு ஓடிவந்தது. "இல்லை, லவ். எங்களுக்கு அது ஒரு ஆளின்ர பேர் இல்லை. சும்மா பேர். எல்லாருக்கும் ஒண்டுதான். முதல்லயிருந்து கடைசி வரைக்கும்."

"முதல்ல ஒரு ஆளின்ர பேராத்தானே இருந்திருக்கும்?" என்று நான் விடாமல் கேட்டேன். எனக்கு வெட்கம் வந்தால் வாதாடுவேன்.

"அது ஆதாம் ஏவாள் காலத்துக் கதை," என்று கையை விசிறினார்.

முறை பிடிபட்ட பிறகு வேலை ஓடியது. பழைய எழுத்து முதலில் கோழி கிளறியது போலத் தெரிந்தது. பிறகு கண் பழகிவிட்டது. தகப்பன், தகப்பனின் தகப்பன், அவருக்கும் தகப்பன் என்று பின்னால் போகப் போக, ஆட்கள் மாறினாலும் அதே சர்நேம் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. ஒருவர் குதிரை வண்டிக்காரர். ஒருவர் பேக்கரியில் பாண் சுடுபவர். எனக்கு உண்மையில் பொறாமையாக இருந்தது. என் அப்பாவின் தாத்தாவுக்கு என்ன பெயர் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இவர்கள் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நடந்தே போகிறார்கள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் இடித்தது. எல்லோரும் ஈஸ்ட் லண்டனிலேயே பிறந்தார்கள், ஈஸ்ட் லண்டனிலேயே செத்தார்கள். நோர்ஃபோக்கைக் காணவில்லை.

"இன்னும் ஒரு ஆள் பின்னால போனா வரும்," என்பார். ஒவ்வொரு புதனும் இதைச் சொல்வார். நானும் ஓம் ஓம் என்பேன்.

கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முந்திய ஒரு கலியாணப் பதிவைக் கண்டுபிடித்தோம். மாப்பிள்ளை அவருடைய ஆள். அதே கோயிலில் அந்த மாப்பிள்ளையின் ஞானஸ்நானத்தைத் தேடினோம். கிடைத்தது. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று எழுதியிருந்தது. இந்தப் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை. கோயில் வாசல் மண்டபத்தில் கிடந்து எடுத்த ஆண் குழந்தை என்று மட்டும் எழுதி, ஒரு முதல் பெயரும் இந்தச் சர்நேமும் போட்டிருந்தார்கள்.

நான் இரண்டு தடவை வாசித்தேன். அவர் ஒரு தடவைதான் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிஸ்கட்டைத் தொடவில்லை. திரும்பி வரும்போது பஸ் டிரைவர் மிக மோசமாகப் பிரேக் பிடித்தான். கிழவர் ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

வீட்டு வாசலில் வைத்துச் சொன்னார்: "நோர்ஃபோக்கில கிடக்கிறவை வேற ஆக்கள், லவ். அப்பா எங்கயோ அந்தப் பேரைக் கல்லில கண்டிருக்கிறார். எங்கட ஆக்களெண்டு நினைச்சிட்டார்."

"ஆருக்குத் தெரியப்போகுது? அதே பேர்தானே? பாதிரியாரிட்ட ஓம் எண்டு சொல்லுங்கோ!" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். எத்தனை இடத்தில் எத்தனை அதிகாரிக்கு எத்தனை விதமாகச் சொல்லித்தான் நாங்கள் இந்த நாட்டில் கால் ஊன்றினோம். ஒரு குழிக்காக ஒரு பொய் என்ன?

"பொய் சொல்லி ஒரு கிடங்குக்குள்ள போய்ப் படுக்க எனக்கு ஏலாது," என்றார். அன்றைக்கே நோர்ஃபோக்குக்கு டெலிபோன் எடுத்து உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்தப் பாதிரியார் நல்ல மனுஷன், வருத்தப்பட்டாராம். ஆனால் வளவில் இடம் இல்லை.

அதற்குப் பிறகு கிழவர் வெளியே வருவதை விட்டுவிட்டார். திரைச்சீலை மத்தியானம் வரைக்கும் மூடிக் கிடக்கும். குப்பை வாளியை நான்தான் இழுத்து வைத்தேன். சாப்பாடு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார், தாங்க்யூ சொல்லுவார், அவ்வளவுதான். ஒருநாள் மட்டும், "ஆரோ பெத்து எறிஞ்ச பிள்ளைக்கு, கோயில்காரர் வாயில வந்த பேரை வச்சிருக்கினம். அதைத்தான் நான் இவ்வளவு காலமும் தூக்கித் திரிஞ்சிருக்கிறன்," என்றார்.

இரவு கணவரிடம் சொல்லி அழுதேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "உமக்கு வேற வேலை இல்லையே? அந்தாள் சும்மா இருந்தது. நீங்கள் ரெண்டு பேரும் கிண்டிக் கிளறி..." என்று தொடங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "கொள்ளி வைக்கவும் ஒருத்தரும் இல்லை என்ன, அந்தாளுக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கையைக் கழுவப் போனார்.

அடுத்த புதன் நான் தனியாக லைப்ரரிக்குப் போனேன். எதைத் தேடி என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆத்திரம். யாரோ ஒருவருடைய வாயில் வந்த பெயர் என்று அவர் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு கவுண்டரில் நின்று சொன்ன பெயர்தான் சர்நேம். ஆனால் அது வாயில் வந்த பெயர் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு மனுஷன் இருந்தார். வெற்றிலை போட்டார், கோபப்பட்டார், பிள்ளை வெளிநாடு போகத் தோட்டத்தை விற்றார். இந்தப் பெயருக்குப் பின்னாலும் யாரோ இருந்திருக்க வேண்டுமே!

அந்தக் கலியாணப் பதிவை மறுபடியும் திறந்தேன். தகப்பன் இல்லாத பிள்ளைக்குக் கலியாணம் என்றால் எங்கள் ஆட்கள் முதலில் என்ன கேட்பார்கள்? தகப்பனின் இடத்தில் ஆர் நிண்டது என்று கேட்பார்கள். அன்றைக்கு நாங்கள் மாப்பிள்ளையின் பெயரையும் பொம்பிளையின் பெயரையும் மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தோம். கீழே இரண்டு சாட்சிகள். ஒருவர் வடிவாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். மற்றவருக்கு எழுதத் தெரியாது. பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி மட்டும். அதைச் சுற்றி, இது இன்னாரின் அடையாளம் என்று பாதிரியார் பெயரை எழுதியிருந்தார்.

அந்தச் சாட்சியின் சர்நேம் வேறு. ஆனால் அவருடைய முதல் பெயர் எங்கள் கிழவரின் சர்நேம்.

நான் 'ஐயோ கடவுளே' என்று தமிழில் கத்திவிட்டேன். லைப்ரரிக்காரப் பெண் மறுபடியும் தண்ணீரோடு ஓடிவந்தது.

அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியும். பொறுமையாகச் சொன்னது: அந்தக் காலத்தில் கோயிலில் வேலை செய்கிறவர்கள்தான் வருகிற கலியாணத்துக்கெல்லாம் சாட்சி போடுவார்கள், அதனால் அவசரப்படாதே என்று. சரி என்று முன்னுக்கும் பின்னுக்கும் பக்கங்களைத் தட்டினேன். வடிவான கையெழுத்துக்காரர் ஒவ்வொரு கலியாணத்திலும் இருந்தார். அவர்தான் கூலிக்குச் சாட்சி. புள்ளடிக்காரர் வேறு எந்தக் கலியாணத்திலும் இல்லை. இந்த ஒன்றில் மட்டும்தான். பிறகு நாங்கள் இரண்டு பேருமாக அடக்கப் பதிவில் தேடினோம். அதே பெயரில் ஒரு கிழவரை அதே கோயில் வளவில் அடக்கியிருந்தார்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில், இந்தப் பங்கில் சவக்குழி வெட்டியவர் என்று எழுதியிருந்தது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். கிழவர் கதிரையில் சாய்ந்து, கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அசையவில்லை.

"லவ், இது அத்தாட்சி இல்லை. எத்தனையோ பேருக்கு அந்தப் பேர் இருந்திருக்கும்."

"இருக்கட்டும்! கோயில் வாசல்ல கிடந்த பிள்ளையை விடியக் காலமை ஆர் முதல்ல காணுவான்? குழி வெட்டுற மனுசன் காணுவான். பிள்ளைக்கு அந்தாளின்ர பேரைப் பின்னால வச்சிருக்கினம். பிறகு அதே பிள்ளை வளந்து கலியாணம் கட்டேக்க அந்தாள் வந்து பக்கத்தில நிக்குது. வேற ஒருத்தற்ற கலியாணத்துக்கும் போகேல்லை. எங்கட ஊரில இதுக்குப் பேர் அப்பா. உங்கட ஊரில என்ன பேரோ எனக்குத் தெரியாது!"

நான் கத்தித்தான் சொன்னேன். பக்கத்து வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், டிவியின் சத்தம் குறைந்தது. என் கணவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

கிழவர் கண்ணாடியைப் போட்டு அந்தத் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். புள்ளடி கோணலாக இருந்தது. ஒரு கோடு நீளம், ஒரு கோடு கட்டை. பேனை பிடித்துப் பழகாத கை. அவர் விரலால் அதைத் தடவினார்.

"தன்ர பேரை எழுதவே தெரியாத மனுசன்," என்றார். பிறகு தாளை மடியில் வைத்துவிட்டு, "எனக்கு ஒரு பிஸ்கட் தாரும், லவ்" என்றார்.

குழந்தை கிடந்த அந்த ஈஸ்ட் லண்டன் கோயிலைப் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டபோது பஸ்ஸில் போகிற நிலைமையில் அவர் இல்லை. நான் கணவரைப் பார்த்தேன். அவர் யன்னலைப் பார்த்தார். "எப்படியும் அந்தப் பக்கம், அப்டன் பார்க்குக்குப் போகத்தான் வேணும். மீன் வாங்கவேணும்," என்று யன்னலுக்குச் சொன்னார். எட்மண்டனில் மீன் இல்லாததுபோல.

கோயில் சின்னது, கரி பிடித்த கல்லு. வளவைப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். பழைய கல்லறைக் கல்லுகளைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். எழுத்தெல்லாம் மழையில் கரைந்து போயிருந்தது. பெஞ்சில் இரண்டு பெட்டைகள் இருந்து சிப்ஸ் சாப்பிட்டார்கள். வாசல் மண்டபத்துக்கு ஏற மூன்று படி. கிழவரால் ஏற முடியவில்லை. என் கணவர் குனிந்து, அவருடைய கையைத் தன் தோளில் போட்டு, கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே ஏறினார். உள்ளே ஓரமாக ஒரு கல் இருக்கை. அதில் இருத்திவிட்டு இவரும் பக்கத்தில் இருந்தார்.

நல்ல குளிர் காற்று. கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதிலதான்" என்றார்.

பெண் பாதிரியார் ஒருவர் வந்தார். குளிர்ச்சட்டைக்கு மேலால் வெள்ளைக் கழுத்துப் பட்டி தெரிந்தது. இந்த வளவில் இப்போது யாரையும் புதைப்பதில்லை, ஆனால் சுவரோரம் சாம்பல் வைக்கச் சின்ன இடம் உண்டு, இந்தப் பங்கோடு தொடர்புள்ளவர்களுக்கு என்றார். "உங்களுக்கு இந்தக் கோயிலோட என்ன தொடர்பு?" என்று கேட்டார்.

"என்னை இந்த வாசல்ல விட்டிட்டுப் போனவை," என்றார் கிழவர். பிறகு புள்ளடித் தாளை எடுத்துக் காட்டினார். அந்த அம்மா அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து முழுக்க வாசித்தார். இடம் தருவதாகச் சொல்லிவிட்டு, கோயில் கதவைத் திறக்கச் சாவி எடுக்கப் போனார்.

நான் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றினேன். கிழவருக்கு முகத்தில் பழைய குறும்பு வந்துவிட்டது. என் கணவர் பக்கம் திரும்பி, "மேட், உன்ர சர்நேம் ஆற்ற பேர்?" என்று கேட்டார்.

"அப்பான்ர."

"அவர் இருக்கிறாரோ?"

இவர் இதைப் பற்றி யாரோடும் கதைக்கமாட்டார். என்னோடுகூட. ஆனால் அன்றைக்குக் கதைத்தார். இவருடைய அகதிக் கேஸ் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது ஊரில் மாமா செத்துப்போனார். போக முடியாது, போனால் திரும்பி வர முடியாது. மூத்த மகன் இவர்தான், கொள்ளி வைக்கவேண்டியவர். தம்பிதான் வைத்தார். "எங்கட முறையில தகப்பனுக்குக் கொள்ளி வைக்கிற மகன் மீசை எடுக்கவேணும். நான் இஞ்ச ஆறு பேர் இருந்த வீட்டில, பாத்ரூமுக்குள்ள கதவைப் பூட்டிக்கொண்டு நிண்டு எடுத்தனான். வெளியில ஒருத்தன் வேலைக்கு நேரமாச்செண்டு கதவில தட்டுறான்."

எனக்கு அந்தத் தட்டுச் சத்தம் அன்றைக்குத்தான் தெரிய வந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன்.

கிழவர் என் கணவரின் முழங்காலில் கை வைத்தார். பிறகு, சும்மா இருக்க முடியாத மனுஷன்தானே, "எனக்குப் பிள்ளை இல்லாதது நல்லதாப் போச்சு மேட். நான் செத்தா ஒருத்தற்ற மீசைக்கும் ஆபத்தில்லை, உன்ர மீசைக்கும்," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. மீசையையும் தடவவில்லை.

திரும்பும்போது அப்டன் பார்க் கிரீன் ஸ்ட்ரீட்டில் விளைமீன் வாங்கினோம். கிழவர் காருக்குள் இருந்து அந்தச் சனக்கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நித்திரையாகிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் திரைச்சீலையை மூடவில்லை. புள்ளடித் தாளுக்குச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டினார். வீட்டுக்கு வந்த நேர்ஸுக்கெல்லாம், "இது என்ர ஆள், கிடங்கு வெட்டினவர்," என்று காட்டினார். செர்ரி மரங்கள் பூக்கிற நேரம், ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். கடைசியாகச் சொன்னது, தேத்தண்ணீரில் இஞ்சி கூடிப்போச்சு என்பதுதான்.

தகனம் நடக்கும் நாள் காலையில் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. செத்த வீட்டுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையா, இங்கத்தைய முறைக்குக் கறுப்பா என்று குழம்பி, கடைசியில் வெள்ளைச் சேலைக்கு மேல் கறுப்புக் கோட்டைப் போட்டேன். பக்கத்து வீட்டு வாசலில் நீளமான கறுப்புக் கார் வந்து நின்றுவிட்டது. பெட்டிக்கு மேலே பூ வைத்திருந்தார்கள். காருக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட இரண்டு கூலி ஆட்களைத் தவிர ஒரு சனம் இல்லை. என் கணவரை மேலே காணவில்லை, கீழே காணவில்லை. பாத்ரூம் பூட்டிக் கிடந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இஞ்சேருங்கோ! கார் வந்திட்டுது! இண்டைக்குப் பாத்துத்தான் இவ்வளவு நேரமே?" என்று படிக்குக் கீழே நின்று கத்தினேன்.

கதவு திறந்தது. கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக இறங்கி வந்தார். முதலில் எனக்கு ஆளை மட்டுப்பிடிக்க முடியவில்லை. மேலுதடு வெயில் படாமல் வெளிறிப்போய், சின்னப் பிள்ளையின் உதடுபோலத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. அதில் டிஷ்யூ துண்டு ஒன்றை ஒட்டியிருந்தார்.

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். அவர் என்னைப் பார்க்காமல் சப்பாத்துக்குள் காலை நுழைத்தார்.

"அழுதது காணும். கதவைப் பூட்டிக்கொண்டு வாரும்," என்றார். "அந்தாளைத் தனிய விட ஏலாது."